திரும்பிய படகுக்கு ஒரு விதி

பொம்மனஹள்ளியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரில் அந்த மாதம் வெயிலும் இருக்காது, மழையும் பெரிதாக இருக்காது. காற்று மட்டும் நாள் முழுக்க ஆளைத் தள்ளும்.

அதுவரை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேனாக இருந்தேன். ஏஜென்சி மாறியது. புதிய ஏஜென்சி தன் ஆட்களைக் கொண்டுவந்தது. பழைய ஏஜென்சி நீலச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பேன்ட்டைப் பெரிய மனதோடு என்னிடமே விட்டுவிட்டது. இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டதிலிருந்து நான் எந்த ஊரிலும், எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. அவர்கள் அனுப்பாவிட்டாலும் இன்னும் கொஞ்ச நாளில் நானே கிளம்பியிருப்பேன். ஒக்கலிபுரம் போனால் ரயில் நிலையம் பக்கம். ஏதாவது வேலை கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஏதாவது ரயில் இருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் நடந்தேன். சுருக்கு வழி என்று நினைத்து எங்கெங்கோ திரும்பியதில் ஓர் ஏரிக்கரைக்கு வந்துவிட்டேன்.

கம்பி வேலிக்கு உள்ளே ஒரு குழாய் தெரிந்தது. கேட் திறந்திருந்தது. முகம் கழுவலாம் என்று போனேன். அப்போதுதான் அது பாய்மரப் படகு கிளப் என்று தெரிந்தது. புல்வெளியில் சின்னச் சின்னப் படகுகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு பேர் காலை மடக்கி உட்காரும் அளவுதான் இருக்கும். ஆட்கள் பாயை விரித்துக் கயிறுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியவர். குட்டைக் கால்சட்டையும் பழைய தொப்பியும் போட்டிருந்தார். தமிழ் கேட்டதும் காது தானாக அந்தப் பக்கம் போனது.

"எழுந்து நிக்க முடியலன்னா எப்படிடி வருவ? சரி, படு. கஞ்சி குடி. நான் பாத்துக்கறேன்."

போனை வைத்தவர் ஏரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரை, சந்தையில் மாடு பார்ப்பது மாதிரி.

"ஏங்க, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியும்க்கா. கிணத்துல கத்துக்கிட்டது."

"வெயிட் எவ்ளோ இருப்பீங்க?"

எத்தனையோ வேலைக்கு நின்றிருக்கிறேன். ஒருவரும் எடையைக் கேட்டதில்லை. "அறுபது இருப்பேன்" என்றேன்.

"மத்தியானம் வரைக்கும் வேற வேலை எதுவும் இருக்கா?"

"எந்த வேலையும் இல்லக்கா. அதுனாலதான் நடந்துட்டு இருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு விஷயத்தையும் சொன்னார்.

அவர் வீடு பிரேசர் டவுனில். ரத்தம் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் வேலை. ஞாயிறு தவறாமல் இந்த ஏரியில் படகு ஓட்டுகிறார். சீசன் முழுக்க நடக்கும் போட்டிகளில் முதலாவதாக வரும் ஒரு படகைத்தான் கிளப் சென்னைக்கு அனுப்பும். அங்கே கடலில் போட்டி. அன்று சீசனின் கடைசிப் போட்டி. புள்ளிகளில் இந்த அக்கா சற்று முன்னால் இருந்தார். இரண்டாவதாக இருந்தவர் ஐடி கம்பெனியில் வேலை செய்யும் ஒரு கன்னடக்காரர். அன்றைக்கு அவரை ஜெயிக்கக்கூட வேண்டாம். அவருக்கு அடுத்ததாக வந்தாலே போதும். நடுவில் இரண்டு மூன்று படகுகள் புகுந்துவிட்டால் சென்னை அவருக்குப் போய்விடும்.

கூட உட்காரும் தங்கைக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல். அந்த வகைப் படகில் இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. தனியாக இறங்கினால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். அங்கிருந்த மற்ற எல்லோரும் ஏதாவது ஒரு படகுக்கு உரியவர்கள்.

"வருஷா வருஷம் ரெண்டாவதுதான் வர்றேன். இந்த ஏரியிலயே சுத்திச் சுத்தி வந்துட்டு இருக்கேன், தம்பி. ஒரே ஒரு தடவ கடல்ல ஓட்டிப் பாக்கணும்" என்றார்.

தொப்பிக்குக் கீழே அவர் முகம் அப்போது சின்னப் பெண்ணின் முகம் மாதிரி இருந்தது. நான் பையை அவருடைய ஸ்கூட்டரில் மாட்டிவிட்டு வந்தேன்.

போட்டி நடத்தும் அதிகாரி ஒரு வெள்ளைத் தொப்பிக்காரர். என்னை ஒரு நாள் விருந்தினராகச் சேர்த்துக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை அவரே இழுத்துப் பார்த்தார். தண்ணீரில் இருக்கும்வரை அதைக் கழற்றவே கூடாது என்றார்.

படகைத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்த ஐடி சார் எதிரில் வந்தார். என் நீல பேன்ட்டைப் பார்த்தார்.

"ஏன் மேடம், இந்த வாட்டி செக்யூரிட்டியோட வர்றீங்களா? அவ்ளோ பயமா என்னைப் பாத்து?"

"உங்களுக்குப் பாதுகாப்பா இருக்கட்டும்னுதான்" என்றார் அக்கா.

"சரி குரு, மேடத்தை பத்திரமா கூட்டிட்டு வா. லாஸ்ட் வந்தாலும் பரவால்ல" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார். பெங்களூரில் முன்பின் தெரியாத ஆளையும் குரு என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டவர் இல்லை. வாய்க்காரர்.

கரையிலேயே எனக்குப் பாடம் நடந்தது. முன்பாயின் கயிறு என் கையில். பெரிய பாயும் சுக்கானும் அக்காவிடம். அவர் சொல்லும்போது தலையைக் குனிந்து எதிர்ப்பக்கம் மாறி உட்கார வேண்டும். குனியாவிட்டால் பாயின் அடியில் இருக்கிற கழி மண்டையைப் பெயர்த்துவிடும். காற்றை வலப்பக்கம் வாங்கி வருகிற படகுக்கு, இடப்பக்கம் வாங்கி வருகிற படகு வழிவிட வேண்டும். இடித்துவிட்டால் தவறு செய்த படகு தண்ணீரிலேயே இரண்டு வட்டம் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"வட்டம் போடச் சொல்றது யாருக்கா? நடுவர் எங்க இருப்பாரு?"

"நடுவர் கிடையாது."

"அப்ப யாரு சொல்லுவா?"

"நாமளேதான்."

ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

போட்டி தொடங்குவதே ஒரு தனிக் கலை. எல்லாப் படகுகளும் கோட்டுக்குப் பின்னால் கோழிக் குஞ்சுகள் மாதிரி அலைந்துகொண்டிருந்தன. கோடு என்றால் வரைந்த கோடு இல்லை. அதிகாரியின் படகுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவில் நாமே மனதில் போட்டுக்கொள்வது. ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி ஏறியது, ஹாரன் ஒலித்தது. நாலு நிமிடத்தில் இன்னொரு கொடி. கடைசி ஒரு நிமிடத்தில் அது இறங்கியது. கோட்டை முன்னாடியே தாண்டிவிட்டால் திரும்பி வந்து மறுபடி தாண்ட வேண்டும். பிந்தினால் மற்றவர்கள் காற்றை மறைத்துவிடுவார்கள். அக்கா கைக்கடிகாரத்தையும் காற்றையும் மாறி மாறிப் பார்த்து, கடைசி ஹாரனும் எங்கள் படகின் மூக்கும் ஒன்றாகக் கோட்டில் சேரும்படி கொண்டுவந்து விட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

காற்றுக்கு எதிரே நேராகப் போக முடியாது. வலப்பக்கமும் இடப்பக்கமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் அந்தப் பக்கம் பாய்ந்தேன், முட்டியை இடித்துக்கொண்டேன், கயிற்றை மாற்றி இழுத்தேன். "நல்லா பண்றீங்க, நல்லா பண்றீங்க" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நன்றாக இருந்தது.

முதல் மிதவையை நெருங்கும்போது நாங்களும் ஐடி சாரும் கிட்டத்தட்ட சமம். ஆரஞ்சு நிறத்தில் பெரிய பலூன் மாதிரி இருந்த அந்த மிதவை என் பக்கமாகவே வந்தது. படகு இடித்துவிடப் போகிறதே என்று பதறி, லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் இடையில் நிற்கிற சைக்கிளை நகர்த்துகிற மாதிரி, கையை நீட்டி மிதவையைத் தள்ளிவிட்டேன். படகு உரசாமல் அழகாகக் கடந்தது. பெருமையோடு அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"தொட்டுட்டீங்களா?"

"ஆமாக்கா. இல்லன்னா இடிச்சிருக்கும்."

"தம்பி, படகு தொட்டாலும் ஒண்ணுதான், நாம தொட்டாலும் ஒண்ணுதான். குனிங்க. ஒரு வட்டம் போடணும்."

"யாருமே பாக்கலக்கா!"

"அதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே சுக்கானைத் தள்ளினார்.

படகு தன்னைத் தானே ஒரு சுற்று சுற்றியது. அந்தச் சுற்றில் ஐடி சார் தூரப் போய்விட்டார். இன்னும் இரண்டு படகுகள் எங்களைத் தாண்டின. என் முகம் எப்படி இருந்ததோ, அக்கா என் முதுகில் லேசாகத் தட்டி, "என் தங்கச்சி மொத நாள் மிதவையக் கட்டியே புடிச்சுக்கிட்டா. நீங்க பரவால்ல" என்றார்.

அதற்குப் பிறகு நான் எதையும் தொடவில்லை. அக்கா ஓட்டிய ஓட்டம்தான். தண்ணீரின் நிறம் எங்கே கறுக்கிறது என்று பார்த்து, அங்கேதான் காற்று இறங்குகிறது என்று படகைக் கொண்டுபோவார். முந்திய இரண்டு படகுகளையும் பிடித்தோம். கடைசிச் சுற்றின் கடைசி மிதவையைச் சுற்றியபோது நாங்கள் இரண்டாவது. முன்னால் ஐடி சார் மட்டும். இனிக் காற்று முதுகில். நேராகக் கோட்டுக்குப் போக வேண்டியதுதான். பின்னால் இருந்தவர்கள் நல்ல தூரத்தில் இருந்தார்கள்.

"அக்கா, சென்னையா?"

"வாயை வெக்காதீங்க" என்றார். ஆனால் சிரித்தார்.

நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது, எல்லோருக்கும் கடைசியில் இருந்த ஒரு படகு இன்னும் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தது. பருத்த உடம்போடு ஒரு நடுத்தர வயதுக்காரரும் அவர் மனைவியின் தம்பியும் அதில் இருந்தார்கள். காலையில் கரையில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த ஜோடி. ஆடிக் காற்று ஒரு தடவை பலமாக இறங்கியது. எங்கள் படகே நடுங்கியது. அவர்கள் படகு சாய்ந்து, ஒரு நொடி யோசித்து, மெதுவாகக் கவிழ்ந்தது. பாய் தண்ணீர்மேல் படுதா மாதிரி விரிந்து படுத்துக்கொண்டது.

கவிழ்வது அங்கே சாதாரணம். காலையிலிருந்து நானே இரண்டு படகு கவிழ்ந்ததைப் பார்த்திருந்தேன். விழுந்தவர்கள் சிரித்துக்கொண்டே நிமிர்த்தி ஏறிக்கொண்டார்கள். மோட்டார் வைத்த ரெஸ்க்யூ படகு ஒன்றும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் அப்போது அது ஏரியின் அந்தக் கோடியில் நின்றிருந்தது. மோட்டாரில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டதால், ஒருவர் குப்புறப் படுத்து அதைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பாயைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார்.

"ஒரு தலைதான் தெரியுது. இன்னொருத்தர் தெரியறாரா?"

நான் பார்த்தேன். பருத்தவரின் வழுக்கைத் தலை மட்டும் படகின் வயிற்றை ஒட்டித் தெரிந்தது. "இல்லக்கா" என்றேன்.

முன்னால் கோடு தெரிந்தது. அதிகாரி படகின் நீலக்கொடிகூடத் தெரிந்தது. அக்கா அதை ஒரு தடவை பார்த்தார். ஒரே தடவைதான். "கயிற விடுங்க. அங்க போறோம்" என்றார்.

கவிழ்ந்த படகைத் தாண்டிக் காற்று போகிற பக்கம் கொண்டுபோய், காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பிப் படகை நிறுத்தினார். நான் குதிக்கப் போனேன். "பாய்க்கு அடியில போகாதீங்க! வெளிய இருந்து ஓரத்தத் தூக்குங்க, காத்து போகட்டும்!" என்று கத்தினார்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. பாயின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். ஈரத்துணி அவ்வளவு கனக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. தலையால் முட்டுக்கொடுத்துக் கையை உள்ளே விட்டுத் துழாவினேன். ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த பிடியில் எலும்பு முறிந்துவிடும் போலிருந்தது. அவனுடைய லைஃப் ஜாக்கெட் அவனை மேலே தூக்கிப் பாயோடு ஒட்டி வைத்திருந்தது. காலில் கயிறு சுற்றிக்கொண்டதால் நகர முடியவில்லை. நான் தூக்கிய இடத்தில் மூக்கை மட்டும் கொண்டுவந்து அவன் இழுத்த மூச்சின் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

அக்கா தன் கழுத்தில் கயிறு போட்டு மாட்டியிருந்த சின்னக் கத்தியைக் கழற்றி என் கைக்கு எறிந்தார். அவன் கால் வழியாகவே தடவிக்கொண்டு போய் அறுத்தேன். வெளியே இழுத்ததும் தண்ணீராகக் கக்கினான். அதற்குள் அந்தப் பக்கமிருந்து நீந்தி வந்த பருத்தவர் அவன் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

"மச்சான்! மச்சான்! உங்க அக்காவுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்!"

"மொதல்ல... கால விடுங்க மாமா. மறுபடி முழுகிடுவேன்" என்றான் அவன் இருமலுக்கு நடுவில்.

ரெஸ்க்யூ படகு வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கோட்டைத் தாண்டி ஹாரன் வாங்கிக்கொண்டிருந்தன. என்னைப் படகுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, அக்கா கோட்டை நோக்கிப் படகைத் திருப்பினார். கடைசியாகத் தாண்டினோம். எங்களுக்கும் ஒரு ஹாரன் ஒலித்தது.

"சென்னை போச்சுல்லக்கா" என்றேன்.

"தெரியாது. கேட்டுப் பாக்கணும்."

"யாருகிட்ட?"

அப்போதுதான் சொன்னார். அவர்கள் விளையாட்டில் முதல் விதியே, ஆபத்தில் இருக்கும் ஆளுக்கு முடிந்த உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்பதுதானாம். அப்படி உதவப் போய், தன் தவறு எதுவும் இல்லாமல் ஒரு படகு பின்தங்கிவிட்டால், இழந்த இடத்தைத் திருப்பிக் கேட்கலாமாம். அதற்கு ரிட்ரெஸ் என்று பெயர். கரையேறிக் குறிப்பிட்ட நேரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு குழு உட்கார்ந்து விசாரிக்கும்.

நான் சிரித்தேன். நம்பவில்லை. முன்பு ஒரு சாயப்பட்டறையில் இருந்தேன். பக்கத்தில் நின்றவன் வழுக்கி விழுந்து மண்டை உடைந்தபோது நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது என் இடத்தில் வேறு ஆள் நின்றிருந்தான். கோபம்கூட வரவில்லை. இயந்திரம் ஓட ஒரு ஆள் வேண்டும், நான் அங்கே இல்லை. உலகம் அப்படித்தான் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். உதவப் போனவனுக்கு அவன் இடத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கென்று யாராவது உட்கார்ந்து ஒரு விதி எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பாதாம் மரத்தடியில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டு விசாரணை நடந்தது. நடுவில், குட்டையாக வெட்டிய நரைமுடியோடு ஒரு அம்மாள், இரண்டு பக்கமும் இரண்டு பேர். மூவரும் அந்தப் போட்டியில் ஓட்டாதவர்கள். கவிழ்ந்தவர்கள் அங்கே இல்லை. பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். முடிவு தன்னையும் பாதிக்கும் என்பதால் ஐடி சாரும் வந்து, கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

அக்கா நடந்ததைச் சொன்னார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நாற்காலியில் இருந்த ஒருவர் இங்கிலீஷில் ஆட்சேபித்தார். அதை அக்கா எனக்குத் தமிழில் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்த ஏரியில் தினமும் படகு கவிழ்கிறது. ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் திரும்பினால் போட்டியே நடக்காது. எல்லோரும் ஜாக்கெட் போட்டிருக்கிறார்கள். ரெஸ்க்யூ படகும் வந்துவிட்டது. உண்மையிலேயே ஆபத்து இருந்ததா, அல்லது அப்படித் தோன்றியதா?

நரைமுடி அம்மாள் என்னைக் கூப்பிட்டார். நல்ல தமிழ் பேசினார்.

"அந்தப் பையனுக்கு ஆபத்துன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ரெண்டு பேரு இருக்கணும். ஒரு தலைதான் தெரிஞ்சுதுங்க."

"இன்னொருத்தர் படகுக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாங்க. எங்களுக்குத் தெரியாது. அதான் போய்ப் பாத்தோம்."

அவர் தலையாட்டினார். ஆட்சேபித்தவர் என் பேன்ட்டைப் பார்த்தார். காலையில் முதன்முதலாகப் படகில் ஏறியவன், அந்த அக்காவோடு ஏறியவன், அவருக்குச் சாதகமாகத்தான் சொல்வான் என்று அவர் நினைத்திருக்கலாம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். மூவரும் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்கள். அக்கா தன் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தார்.

அப்போது ஐடி சார் கையை அவிழ்த்தார்.

"மேடம், ஒரு நிமிஷம். நானும் பார்த்தேன்."

எல்லோரும் திரும்பினார்கள். எனக்கும் புரிய வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, அவர் தமிழிலேயே பேசினார்.

"கவுந்தப்போ எனக்குத்தான் பக்கம். ஒரு தலைதான் இருந்துச்சு. ரெஸ்க்யூ போட் அந்தக் கடைசில நின்னுட்டு இருந்ததையும் பார்த்தேன்."

"யோசிச்சு சொல்லுங்க" என்றார் நரைமுடி அம்மாள். "நீங்க என்ன சொல்றீங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"ஃபினிஷ் லைன் வர்ற வரைக்கும் அதையேதான் யோசிச்சேன், மேடம். யாராவது போவாங்கன்னு நினைச்சேன். பின்னாடி திரும்பிப் பார்த்தா, இவங்க போயிட்டிருந்தாங்க."

காலையில் என் தோளைத் தட்டிய மனிதரா இவர் என்று இருந்தது. இரண்டு அங்குலம் குள்ளமாகிவிட்ட மாதிரி நின்றார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எத்தனை பேர், எத்தனை இடத்தில், யாராவது போவார்கள் என்று நினைத்துக்கொண்டே தாண்டிப் போகிறோம். அதை நாலு பேர் முன்னால், தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும், வாயைத் திறந்து சொன்ன ஆளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அதிக நேரம் ஆகவில்லை. திரும்பிய நேரத்தில் அக்கா எந்த இடத்தில் இருந்தாரோ, அந்த இரண்டாம் இடத்தையே அவருக்குக் கொடுப்பது என்று முடிவு சொன்னார்கள். சென்னை வாய்ப்பு அக்காவுக்கே கிடைத்தது.

அக்கா குதிக்கவில்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ்" என்று மட்டும் சொன்னார்.

ஐடி சார் அதோடு போய்விடவில்லை. நேராக வெள்ளைத் தொப்பி அதிகாரியிடம் போனார். அந்த முதல் விதியைத் தான் மீறிவிட்டதால், தன் படகு போட்டியிலிருந்து விலகியதாகக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அவர் மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. முதலில் வந்தது வந்ததாகவே இருந்திருக்கும். அதிகாரி கேள்வி எதுவும் கேட்காமல் குறித்துக்கொண்டார். அங்கே அது வழக்கம்தான் போலிருக்கிறது.

அக்கா வேகமாக நடந்து அவரைப் பிடித்தார். "இது வேணாமே. உங்க முன்னாடி கோடு இருந்துச்சு. எனக்கும் ஒரு நிமிஷம் தோணுச்சு."

"ஆனா நீங்க திரும்பிட்டீங்க. பேடா மேடம், வேணாம், விடுங்க."

"சரி. சென்னைக்குப் படக லாரில ஏத்தணும். என் தங்கச்சி ஒல்லிக்குச்சி. கை குடுக்க வருவீங்கல்ல?"

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "வர்றேன். இந்த செக்யூரிட்டியையும் கூட்டிட்டு வாங்க. என்னை விடத் தைரியசாலி."

"சார், தைரியம்லாம் இல்ல. அக்கா அங்க போறோம்னாங்க, போனேன்" என்றேன். நிஜமும் அதுதான்.

கிளப் கேன்டீனில் எனக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார் அக்கா. அங்கே படகுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படும், கேட்டுச் சொல்லவா என்றார். நல்ல இடம், நல்ல மனிதர்கள். ஆனால் என்னை எனக்குத் தெரியும். ஒரே ஏரியைச் சுற்றிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. வேண்டாம்க்கா என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. ஸ்கூட்டரிலேயே ஒக்கலிபுரம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "மிதவையத் தள்ளாதீங்க" என்றார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கடலில் எப்படி ஓட்டினார் என்று தெரியாது.

மறுநாள் காலையில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு பார்சல் கிடங்கில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். லாரியிலிருந்து மூட்டை இறக்கும் வேலை. மேஸ்திரி என் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இப்பவே ஏறிடுறியா?" என்று கேட்டார்.

வழக்கமாக நான் கூலியைக் கேட்பேன், தங்க இடம் உண்டா என்று கேட்பேன். அன்று என் வாயிலிருந்து வேறு கேள்வி வந்தது.

"அண்ணே, லாரியில இருந்து யாராவது விழுந்துட்டா, நான் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு வெய்ங்க. திரும்பி வந்தா என் வேலை இருக்குமா?"

"காலங்காத்தால நல்ல வார்த்தை பேசுடா!" என்றார் மேஸ்திரி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் நின்றேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, லாரியைப் பார்த்தார், மேலே நின்று மூட்டை தள்ளிக்கொண்டிருந்தவனைப் பார்த்தார்.

"இருக்கும் போ. மொதல்ல அந்த மூட்டையத் தூக்கு" என்றார்.

தூக்கினேன். அதன் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலைக்குப் போய் நின்றிருக்கிறேன். எந்த இடத்திலும் சுமையைத் தொடுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் சிரிக்கிறார்கள், சிலர் திட்டுகிறார்கள். எங்காவது ஒருவர் பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்தால், அந்த இடத்தில் மட்டும் என்னால் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் இருக்க முடிகிறது.